வகுப்பில் யார் இல்லை?

மே மாதக் கடைசியில் ஒருமுறை காரைக்குடிக்கு வந்து பாருங்கள். செக்காலை ரோடு, கல்லுக்கட்டி, கழனிவாசல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃப்ளெக்ஸ் பேனரில் பிள்ளைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் 495, 493, 491 என்று ஒரு மார்க். பேனரின் தலையில் ‘100% தேர்ச்சி’. காலடியில் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு, தாங்கள் விளம்பர மாடல்கள் என்பது தெரியாது.

இந்த 100 இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

நாலாம் வகுப்பில் பின்னம் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலே இருப்பதை ஏற்றினாலும் விடை பெரிசாகும். கீழே இருப்பதைக் குறைத்தாலும் விடை பெரிசாகும். முதலாவது வாத்தியார் வேலை. இரண்டாவதற்கு வாத்தியாரே தேவையில்லை, டி.சி. புத்தகம் போதும்!

உடனே கோபப்படாதீர்கள். 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் நம்ம சிவகங்கை மாவட்டம், 98.31 சதவிகிதம். அதற்கு முந்தைய வருடம் அரியலூருக்கு அடுத்து இரண்டாமிடம், 97.02. வானம் பார்த்த பூமி, பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லாத மாவட்டம் இந்த இடத்துக்கு வந்திருப்பது சும்மா இல்லை. மாலை வகுப்பு, காலை வகுப்பு, வீட்டுக்கே போய்ப் பையனை அழைத்து வருவது என்று எத்தனையோ ஆசிரியர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை.

ஆனால், அதே 2025 ஆகஸ்டில் இன்னொரு பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகூடச் சேராத அரசுப் பள்ளிகள் இருநூறுக்கும் மேல். அந்தப் பட்டியலின் முன்வரிசையிலும் சிவகங்கை மாவட்டம் இருந்தது. மே மாதம் முதல் ரேங்க், ஆகஸ்டில் காலி பெஞ்ச். ஒரே மாவட்டம், ஒரே வருடம். முதல் செய்திக்கு இனிப்பு கொடுத்தோம். இரண்டாவது செய்தியைப் பேப்பரில் மடித்து வைத்துவிட்டோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு பள்ளிக்கூடம் நல்லதா, கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? மார்க்கை வைத்து என்பீர்கள். நான் வருகைப் பதிவேட்டை வைத்து என்பேன். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்குதான், எந்தப் பள்ளியையும் குறிப்பதில்லை.

‘அ’ பள்ளியில் ஆறாம் வகுப்பில் 120 பேர். எட்டாவதில் 114. ஒன்பதாவதில் 110. பத்தாவதில் 78. எழுதிய 78 பேரும் பாஸ். பேனர் ரெடி.

‘ஆ’ பள்ளியில் ஆறாவதில் 80 பேர். எட்டாவதிலும் 80. பத்தாவதில் 104. பாஸ் ஆனவர்கள் 94. கிட்டத்தட்ட 90 சதவிகிதம். மாவட்ட ரிவ்யூ மீட்டிங்கில் இந்த ஹெட்மாஸ்டரை எழுந்து நிற்கச் சொல்வார்கள்.

இப்போது கவனியுங்கள். ‘அ’ பள்ளியில் ஒன்பதாவது முடிந்து பத்தாவது போவதற்குள் 32 பேர் காணாமல் போனார்கள். அதில் 24 பேர் ‘ஆ’ பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். மீதி எட்டுப் பேர் டுட்டோரியலில் சேர்ந்து தனித்தேர்வராக எழுதுகிறார்கள், அல்லது செல்போன் கடையில் நிற்கிறார்கள். தனித்தேர்வர் ரிசல்ட் தனிக் கணக்கு, எந்தப் பள்ளியின் தலையிலும் விழாது. ஆறாவதில் தன்னை நம்பி வந்த 120 பேரில் 78 பேரைக் கரையேற்றிய பள்ளிக்கு 65 சதவிகிதம்தான் தரவேண்டும். தன் பிள்ளைகள் 80 பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னொருவர் கழற்றிவிட்ட 24 பேரையும் சேர்த்து எழுத வைத்த பள்ளிக்கு என்ன தருவீர்கள்? எங்கள் ஊரில் எழுந்து நிற்கும் தண்டனை தருகிறோம்.

பிள்ளைகள் குறைந்தாலே பள்ளி கழற்றிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. செட்டிநாட்டுப் பக்கம் குடும்பங்கள் இடம் மாறுவது புதிதில்லை. திருப்பூருக்குப் போவார்கள், சென்னைக்குப் போவார்கள், அப்பா சிங்கப்பூரில் இருந்தால் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவார். அதனால் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதைவிட எந்த வகுப்பில் குறைந்தார்கள் என்று பார்க்கவேண்டும். ஊர் மாறிப் போகிறவர்கள் ஆறாவதிலும் போவார்கள், ஏழாவதிலும் போவார்கள். ஒவ்வொரு வருடமும் நாலு பேர், ஐந்து பேர் என்று தண்ணீர் கசிவது மாதிரி குறையும். எட்டாவது வரை கசிந்து, ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் திடீரென்று ஒரு பள்ளம் விழுந்தால், அது குடும்பம் தோண்டிய பள்ளம் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது. அந்தக் காவல் முடிகிற இடத்தில் பள்ளம் ஏன் வருகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

‘உங்க பையனுக்கு இங்கே கஷ்டமா இருக்கு, வேற ஸ்கூல்ல ஃப்ரீயா படிப்பான்’ என்று பவ்யமாகச் சொல்லி அனுப்புவது இந்தக் கலையின் உச்சம். கேட்கிற அப்பாவுக்கு, ஏதோ நம்ம நல்லதுக்குச் சொல்கிறார்கள் என்றே தோன்றும்!

பகுதி எப்படியெல்லாம் நழுவும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2023 மார்ச் 13. பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. அன்று தேர்வுக்கே வராதவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர். தமிழ்நாடு ஒரு நாள் அதிர்ந்தது. பிறகு ரிசல்ட் வந்தது, சதவிகிதம் வந்தது, மறந்துவிட்டோம். அந்த 50 ஆயிரம் பேர் எந்தப் பள்ளியின் பேனரிலும் கரும்புள்ளியாகக்கூட விழவில்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா என்றால், தெரியும். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல காரியம். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைத்த பள்ளிகளுக்காக, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்ததும் அதையும் எடுத்துவிட்டார்கள். ரேங்கை எடுத்தார்கள், தேர்வைச் சேர்த்தார்கள், தேர்வை எடுத்தார்கள். எல்லாமே தொகுதியில் நடந்த வைத்தியம். பகுதியைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை முப்பது வருடமாக நடக்கிறது. அங்கே ‘சார்ட்டர் ஸ்கூல்’ என்று ஒரு வகை. பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தனியாருடையது, ஃபீஸ் கிடையாது. 1991-ல் மின்னசோட்டா மாநிலம்தான் முதலில் சட்டம் போட்டது. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அரசுப் பள்ளியைவிட இவை நன்றாகப் படிக்க வைக்கின்றன என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. 2009-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் ஒன்று கணக்குப் பார்த்தது. 17 சதவிகிதம் பள்ளிகள் அரசுப் பள்ளியைவிட மேல், 37 சதவிகிதம் கீழ், மீதியில் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளியின் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அர்த்தம்.

அந்தச் சண்டையில் அவர்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. இந்தப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பேட்டையில் இருக்கும் பிள்ளைகள் மாதிரியே இருக்கிறார்களா? ஏழைகள் அதே விகிதத்தில் உண்டா? உடல் குறைபாடு உள்ள பிள்ளைகள் உண்டா? நடுவில் ஒரு பிள்ளை விட்டுப்போனால் அந்த இடத்தில் வெளியிலிருந்து இன்னொரு பிள்ளையைச் சேர்க்கிறீர்களா, இல்லை, நல்லதாப் போச்சு என்று காலியாக விடுகிறீர்களா? அங்கே ஏழைப் பிள்ளைகளை எண்ணுவதற்கு நீண்ட காலமாக ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்ட அளவுகோல் என்ன தெரியுமா? மதிய உணவு. இலவசமாகவோ குறைந்த விலைக்கோ சாப்பாடு பெறும் தகுதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது.

நமக்கு இது கைக்கெட்டின தூரம். காமராஜர் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் விரித்த சாப்பாட்டுப் பந்தி. எந்த அரசுப் பள்ளியிலும், உதவி பெறும் பள்ளியிலும் சத்துணவுப் பதிவேடு இருக்கும். பதிவேட்டில் 400 பேர் இருக்கும் பள்ளியில் 40 பேர் சாப்பிடுகிறார்கள் என்றால் அங்கே யார் படிக்கிறார்கள் என்று ஓரளவு புரிந்துவிடும். ஓரளவுதான். சில ஊர்களில் சமைப்பவர் யார் என்று பார்த்துச் சாப்பிடாத வீடுகள் இருக்கின்றன. சில பதிவேடுகளில் இல்லாத வாய்களும் சாப்பிடும்.

வாசகர்களில் சிலர் இப்போதே சொல்வது கேட்கிறது: ‘சார், என்னதான் சொல்லுங்க, பிரைவேட் ஸ்கூல் பிரைவேட் ஸ்கூல்தான்.’ பக்கத்து ஆந்திராவில் இதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். 2008-ல் ஆரம்பித்து நான்கு வருடம். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் படிக்கக் கூப்பன் தருகிறோம் என்று அறிவித்து, விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் போட்டார்கள். ஜெயித்தவர்கள் தனியார் பள்ளிக்குப் போனார்கள், தோற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். குலுக்கலில் அழகு என்னவென்றால், இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒரே ரகம், ஒரே ஆசை, ஒரே வருமானம். வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்தான். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. தனியார் பள்ளியில் கூடுதலாகச் சொல்லித்தந்த இந்தியில் மட்டும் ஜெயித்தவர்கள் முன்னால் இருந்தார்கள்.

அப்படியானால் சாதாரணமாகத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதிக மார்க் வாங்குவது? அதில் பெரும்பங்கு பள்ளி கொடுத்தது அல்ல. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அம்மா பட்டதாரி, வீட்டில் படிக்க ஒரு மேஜை, சாயந்திரம் டியூஷன். அமெரிக்காவில் 1966-லேயே ஆறு லட்சம் மாணவர்களைச் சோதித்து, குடும்பப் பின்னணியின் கை பள்ளியின் கையைவிட நீளம் என்று கோல்மன் அறிக்கை சொல்லிவிட்டது.

ஆனால், அந்த ஆந்திரக் கணக்குக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதை மறைத்தால் நானும் பேனர் ஒட்டுகிற ஆளாகிவிடுவேன். அதே மார்க்கை வாங்கித்தரத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முக்கியக் காரணம், அங்கே ஆசிரியருக்குக் கிடைக்கும் சம்பளம். அதைத் திறமை என்பதா, சுரண்டல் என்பதா? எனக்கு இரண்டாவது வார்த்தைதான் முதலில் வருகிறது.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். அமெரிக்கா 1991-ல் கண்டுபிடித்த சார்ட்டர் ஸ்கூல் செட்டிநாட்டுக்குப் புதிதா என்ன? 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையிலேயே, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. அதன் பேரன்தான் இன்றைய அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம், கட்டடமும் நிர்வாகமும் தனியார். தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த நகரத்தார் காசு இந்தப் பகுதியில் கோயிலுக்குப் போன மாதிரியே பள்ளிக்கும் போயிற்று. வள்ளல் அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். கடைசியில் குடியிருந்த வீட்டையும் கொடுத்தார். 47 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதர் எந்தத் தேர்ச்சி சதவிகிதத்தையும் பார்த்துப் பணம் கொடுக்கவில்லை.

இன்றைக்கு ஓர் உதவி பெறும் பள்ளியின் வாசலில் நின்று பாருங்கள். செட்டிநாட்டில் மட்டுமில்லை, எந்த ஊரிலும். பல இடங்களில் ஒரே காம்பவுண்ட், ஒரே பெயர், ஒரே நிறுவனர் படம். ஆனால், உள்ளே இரண்டு பள்ளிக்கூடம். ஒன்று, அரசு சம்பளத்தில் நடக்கும் தமிழ் மீடியம். இன்னொன்று, ஃபீஸ் வாங்கி நடத்தும் சுயநிதி இங்கிலீஷ் மீடியம். ‘எங்கள் பள்ளியில் 1,500 மாணவர்கள்’ என்று சொல்லும்போது இரண்டையும் கூட்டிச் சொல்வார்கள். தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதும் இங்கிலீஷ் மீடியம் வளர்ந்துகொண்டே போவதும் அந்தக் கூட்டலுக்குள் மறைந்துவிடும். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பிரித்து எழுதிப் பார்த்தால்தான் பள்ளியின் சொந்த முகம் தெரியும். எந்தத் தெருப் பிள்ளை, எந்தச் சமூகம், பெண் எத்தனை, ஆண் எத்தனை. பையனை இங்கிலீஷ் மீடியத்திலும் பெண்ணைத் தமிழ் மீடியத்திலும் போடுகிற வீடுகள் நமக்குத் தெரியாததா? அரசுப் பள்ளிகளிலும் 2012-13லிருந்து இங்கிலீஷ் மீடியம் வகுப்புகள் வந்துவிட்டன. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

உதவி பெறும் பள்ளிகள் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகிதம் உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. உதவி பெறும் பள்ளியில் அதே தமிழ் மீடியத்தில், அதே ஏழ்மையில் படிக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. அரசுப் பள்ளிக்குக் காலைச் சிற்றுண்டி 2022-ல் வந்தது. கிராமத்து உதவி பெறும் பள்ளிக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. நகரத்து உதவி பெறும் பள்ளிக்கு 2025 ஆகஸ்டில். புதுமைப் பெண் திட்டத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். இப்படி ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைத்துவிட்டு, ‘ஏன் உங்க ஸ்கூல்ல பிள்ளைங்க குறையுது?’ என்று கேட்டால், தலைமையாசிரியர் எங்கே போவார்? பிள்ளை குறைந்தால் அடுத்து ஆசிரியர் பணியிடம் போகும். ஆகஸ்ட் முதல் தேதி எத்தனை பேர் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பணியிட நிர்ணயம். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். 61 பேர் இருந்தால் ஒரு கணக்கு, 60 என்றால் வேறு கணக்கு. ஒரே ஒரு பிள்ளையின் பெயரில் ஓர் ஆசிரியரின் வேலை தொங்குகிறது என்றால், அந்தப் பெயரைப் பதிவேட்டில் விட்டுவைக்கத் தோன்றும்தானே? மேலே பகுதியைக் குறைக்கிற பள்ளியைப் பார்த்தோம். இங்கே ஏற்றுகிற பள்ளி. பேனருக்குக் குறைக்கவேண்டும், பணியிடத்துக்கு ஏற்றவேண்டும். பதிவேடு பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

சரி, ஓர் ஊரில் பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர்? இது தெரியாமல் சேர்க்கை கூடியது, குறைந்தது என்று பேசுவது பானைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பரிமாறுவது மாதிரி. நம்மிடம் கையில் இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன்படி சிவகங்கை மாவட்டத்தில் 13,39,101 பேர், காரைக்குடி நகராட்சியில் 1,06,714 பேர். 2021-ல் எடுக்கவேண்டியது தள்ளிப்போயிற்று. 2011-ல் ‘0-6 வயது’ என்று எண்ணிய குழந்தைகளில் பெரியவர்களுக்கு மீசை முளைத்து ஓட்டுரிமையும் வந்துவிட்டது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் யார் வரவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. நான் என்றால் அங்கன்வாடிப் பதிவேட்டையும் போலியோ சொட்டு மருந்துக் கணக்கையும் கேட்பேன். சொட்டு மருந்து கொடுக்கிற அக்காவுக்குத் தெரியாத குழந்தை ஊரில் கிடையாது.

குழந்தைகளே குறைந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8. இரண்டு பேருக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதோடு செட்டிநாட்டுக் கிராமங்களுக்கு ஒரு பழைய நோயும் உண்டு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது ஆரம்பித்த சரிவு. கொண்டுவித்த பணம் போச்சு, பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கானாடுகாத்தானிலும் சுற்று ஊர்களிலும் ஆயிரம் ஜன்னல் வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. அந்த வீடுகளை நம்பி அதைச் சுற்றிப் பிழைத்த குடும்பங்களும் நகர்ந்துவிட்டன. அந்த ஊர்ப் பள்ளியில் 11 பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் சரியில்லை என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பெழுதலாமா?

எழுதலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த ஊரிலிருந்து தினமும் காலை எத்தனை பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறிக் காரைக்குடிக்குப் போகிறார்கள் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். ஊரில் 15 பிள்ளைகள் இருந்து 11 பேர் உள்ளூர்ப் பள்ளியில் இருந்தால், அது தமிழ்நாட்டின் மிகச்சிறந்த பள்ளிகளில் ஒன்று. 90 பேர் இருந்து 11 பேர் என்றால் கதை வேறு. அந்த 11 பேர் யார் என்பது அதைவிட முக்கியம். பெரும்பாலும் வேன் ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்கள் எந்தத் தெரு என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தெருக் கணக்கு எடுப்பது சாதி பார்ப்பது ஆகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. இன்றைய சிவகங்கை அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930-லும் 1931-லும் அந்த மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று தடைகள் போட்டார்கள். நகை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில், அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் ஒன்று. அப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். அதே காலத்தில்தான் இதே வட்டாரத்தில் பெரிய பெரிய பள்ளிக் கட்டடங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. சிராவயலில் ஜீவா ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்ததும், 1927-ல் காந்தி அங்கே வந்து பார்த்ததும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். படிக்கவிடாத ஊரும் படிக்கவைத்த ஊரும் ஒன்றுதான். அந்தப் பள்ளிகளில் அன்று மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணை மட்டும் கொடுத்தால், யாரைப் படிக்கவிடவில்லை என்பது அதில் தெரியுமா?

காரைக்குடியில் ராமநாதன் செட்டியார் பெயரில் ஒரு நகராட்சிப் பள்ளி இருக்கிறது. அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கப் பெற்றோர் முண்டியடிக்கிறார்கள் என்ற செய்தி இந்தப் பள்ளியைப் பற்றி வந்தபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. 2024-ல் ஊர் மாநகராட்சியாகிவிட்டது, பள்ளியின் பெருமையும் கூடியிருக்கிறது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்கத்தானே வேண்டும். ஊரில் பிள்ளைகள் பெருகவில்லை, ஒரு பள்ளியில் பெருகுகிறார்கள். எங்கிருந்து வருகிறார்கள்? தனியார் பள்ளியிலிருந்து வந்தால், பொதுப் பள்ளி ஜெயிக்கிறது. நாலு தெரு தள்ளியிருக்கும் சின்ன அரசுப் பள்ளியிலிருந்து வந்தால், இந்தப் பள்ளியின் வரிசை நீள நீள அந்தப் பள்ளி பூட்டை நோக்கி நடக்கிறது. வரிசையில் விடியற்காலையிலேயே வந்து நிற்க முடிந்த பெற்றோர் யார், சித்தாள் வேலைக்குப் போவதால் நிற்க முடியாதவர் யார் என்பதும் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். இப்படிப்பட்ட பள்ளிகள் குலுக்கல் போடலாம். 25 சதவிகித இடஒதுக்கீட்டுக்குத் தனியார் பள்ளியில் குலுக்கல் போடுகிறோமே. (அந்தச் சேர்க்கையும் 2025-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் சிக்கி, அக்டோபரில்தான் ஆரம்பித்தது. பள்ளி திறந்தது ஜூனில்!)

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்று மலைக்காதீர்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ‘யூடைஸ்’ எண் என்று 11 இலக்கத்தில் ஒன்று உண்டு. அதைப் போட்டால் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று மத்திய அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஐந்து வருட அறிக்கையை வரிசையாக வைத்துக்கொண்டு, முதல் வருடத்து ஆறாம் வகுப்பையும் ஐந்தாம் வருடத்துப் பத்தாம் வகுப்பையும் பென்சிலால் கோடு போட்டு இணையுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும். சமூகவாரிக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பேனர் பார்த்து ஆயிரக்கணக்கில் டொனேஷன் கட்டுகிறவர்கள் இந்தப் பத்து ரூபாயை யோசிக்கலாமா?

தேர்வுத் துறை செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது. தேர்ச்சி சதவிகிதத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம்: இவர்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் கொடுத்து வைத்திருப்பதால் பட்டனைத் தட்டினால் வந்துவிடும். பள்ளிகள் எதிர்க்கும். எதிர்க்கிற பள்ளிகளின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அட்மிஷன் நேரத்தில் உதவும்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவிலேயே கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு டி.சி. கொடுத்ததும் அதன் பெயர் எமிஸில் ‘காமன் பூல்’ என்ற இடத்துக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுத்துக்கொள்கிற வரை அங்கேயே கிடக்கும். போன வருடம் நம்ம பள்ளி ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஆகஸ்ட் முதல் தேதியன்று இன்னும் காமன் பூலில் கிடக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயரோடு கேளுங்கள். அந்தப் பிள்ளையின் வீடு எங்கே இருக்கிறது என்று குழுவில் இருக்கும் ஏதாவது ஓர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். சாயந்திரமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.